விசாலத்தின் படத்தை நாலாக வெட்டிய நாள்

1. பாஸ் ஆன டிசைன்

கணபதி சார் பிளேடைக் கையில் எடுத்தால் டிசைன் பாஸ் என்று அர்த்தம். எங்கள் டிசைன் ரூமில் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்கு அவர் வெட்டியது டிசைனே இல்லை, விசாலம் ஓர் எக்ஸிபிஷனுக்குக் கொடுக்க வைத்திருந்த படம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

முதலில் தொழில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், படத்தை வெட்டுகிறவர் என்ன மனுஷர் என்று கணபதி சாரைத் திட்டுவார்கள். துணியில் அச்சடிக்கிற டிசைன் என்பது ஒரே ஒரு கட்டம்தான். அந்தக் கட்டமே பக்கத்தில் பக்கத்தில், மேலே கீழே என்று துணி முழுக்க வந்து உட்காரும். அதற்கு ரிபீட் என்று பெயர். இடது ஓரம் வலது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்கு ஒரே வழிதான். வரைந்த தாளைக் குறுக்கும் நெடுக்குமாக நாலாக வெட்டி, துண்டுகளை எதிரெதிர் மூலைக்கு மாற்றி வைப்போம். வெளி ஓரங்கள் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். சேராத இடம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதைப் பிரஷ்ஷால் சரிசெய்வோம். சரிசெய்து லாபம் உண்டு என்று தோன்றுகிற டிசைனைத்தான் சார் வெட்டுவார். மற்றதெல்லாம் முழுசாகக் குப்பைக்கூடைக்குப் போகும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாயில் லோயர் பரேல் பக்கம் ஒரு மில்லின் டிசைன் ரூமில் நான் ட்ரேசர். டிசைனர் வரைந்ததை ஒவ்வொரு கலராகப் பிரித்து, கலருக்கு ஒரு பிலிம் என்று கறுப்பு இங்க்கில் எடுக்கிற வேலை. தாராவியில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், நானும் என் மனைவி பேச்சியும். இருவருக்கும் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன்வரை நடந்து, அங்கிருந்து லோக்கலில் தொங்கிக்கொண்டு போவேன்.

கணபதி சார் ஸ்டூடியோ சூப்பரின்டெண்ட். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் வீடு. நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் சீவிவைத்த பென்சில்கள். அவர் ஒரு ரோஜாவைப் போட்டால் முள் குத்தும். பெரிய பெரிய சேட்கள் அவர் பூவைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். கோபம் வந்தாலும் வாய் தடிக்காது. நல்ல மனுஷர். ஆனால் பூ இல்லாத துணியைத் துணி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

விசாலமும் மாட்டுங்காதான். ஆர்ட் ஸ்கூலில் டிப்ளமா முடித்த கையோடு டிசைனராக வந்தவர். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். மெலிந்த உருவம், கையில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் அப்பியிருக்கும், பேச்சு மட்டும் படபடவென்று வெடிக்கும். ஆறு மாத ப்ரொபேஷன். அதற்குள் சீசன் ஷோவில் ஒரு டிசைனுக்காவது ஆர்டர் வர வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ட்ராம்பே பக்கம் அவருடைய அண்ணா வேலை பார்க்கிற ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர வேண்டும். அண்ணாவும் தங்கையும் பேசி முடித்த ஏற்பாடு அது. அண்ணா அங்கே நாற்காலிக்குக்கூடச் சொல்லிவைத்துவிட்டார் என்று விசாலமே எங்களிடம் சொல்லிச் சொல்லிப் பொருமுவார்.

நாலு மாதம் ஓடியிருந்தது. அவர் போட்ட டிசைன் ஒன்றுகூடப் பாஸாகவில்லை. எல்லாம் முழுசாகக் கூடைக்குப் போயின.

அன்றைக்குச் சாயங்காலம் அப்படியே கோட்டைப் பக்கம், அதாவது ஃபோர்ட் ஏரியாவுக்குப் போய், எக்ஸிபிஷனில் கொடுத்துவிடலாம் என்று தன் படத்தை எடுத்துவந்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தபோது படம் நாலு துண்டாக, மூலை மாறி, குண்டூசி குத்தி, போர்டில் இருந்தது.

"யார் வெட்டினா?"

கணபதி சார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நான்தான்! பலே விசாலம், கடைசிலே ஒரு நல்ல கிரவுண்டு போட்டுட்டே. இதுமேலே ரெண்டு கலர்லே ரோஜாவைத் தூவினா ஜோரா இருக்கும்." பூவுக்கு அடியில் விரிகிற பின்னணிக்குத்தான் கிரவுண்டு என்று பெயர்.

"கிரவுண்டா? சார், இது படம். இன்னிக்கு எக்ஸிபிஷன்லே குடுக்கணும்!"

"படமா?" சார் நாலு துண்டையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். "இதிலே என்ன படம் இருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

"ஒரு வார்த்தை கேட்கப்படாதா? கண்ணு இருக்கோ இல்லியோ உங்களுக்கு?" என்று விசாலம் கத்தினார். சாரிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. "டிசைன் ரூம் மேஜை மேலே இருக்கறது டிசைன்தானேம்மா..." என்று அவர் இழுத்தார். விசாலம் கைப்பையை எடுத்துக்கொண்டு சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார்.

சார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏண்டா இசக்கி, நல்லா இருக்குன்னுதானேடா வெட்டினேன்" என்றார். எனக்கு ரெண்டு பேர் மேலும் பரிதாபமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

2. ஓரங்கள் நடுவுக்கு வந்தன

மறுநாள் விசாலம் வரவில்லை. அவ்வளவுதான், டைப் அடிக்கப் போய்விட்டார் என்று ரூமில் பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த நாள் வந்தார். சார் அந்தத் துண்டுகளைப் பட்டர் பேப்பரில் பொதிந்து தன் அலமாரியில் வைத்திருந்தார். பின்பக்கம் தாள் கொடுத்துக் கோடு தெரியாமல் ஒட்டித் தருகிறேன் என்றார். விசாலம் வேண்டாம் என்று சொல்லி, துண்டுகளை வாங்கித் தன் மேஜையில் பரப்பினார். சேர்த்து வைக்கவில்லை. சார் மாற்றி வைத்த மாதிரியே மூலை மாற்றி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இசக்கி, இங்க வாங்கோ. ஓரமெல்லாம் நடுவுக்கு வந்துடுத்து, பார்த்தேளா?"

"அது வழக்கமா வர்றதுதானே மிஸ்."

"உங்களுக்கு வழக்கம். எனக்கு இது புதுசு. படம் போடறச்சே நடுவையேதான் பார்த்துண்டு போடறோம். ஓரத்திலே நான் எதையும் யோசிச்சுப் போடலே. கை தானாப் போட்டது. அது இப்போ நடுவிலே நின்னுண்டு என்னைப் பார்க்கறது. நடுவிலே நான் கஷ்டப்பட்டுப் போட்டதைவிட இது நன்னா இருக்கு. சே!"

கோபம்தான். ஆனால் கண் அந்தத் தாளைவிட்டு நகரவில்லை. எனக்கு அந்த நாலு மாதமாக வாய்வரை வந்து நின்ற கேள்வி ஒன்று இருந்தது. இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

"மிஸ், தப்பா நினைக்கக் கூடாது. இதுல நீங்க என்னத்த வரைஞ்சிருக்கீங்க?"

சார் மாதிரி எனக்கும் விழும் என்று பயந்தேன். விழவில்லை. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"கேமரா வந்ததோல்லியோ, ஆளை அப்படியே பிடிக்கறது அதோட வேலை ஆயிடுத்து. அப்போ பெயிண்டர் என்ன பண்ணுவான்? சீமையிலே ஒருத்தன் வெளிச்சம் மாறறதைப் பிடிச்சான். இன்னொருத்தன், ஒரு கூஜாவை முன்னாலேந்தும் பக்கத்திலேந்தும் ஒரே நேரத்திலே பார்த்தா எப்படி இருக்கும்னு உடைச்சு உடைச்சுப் போட்டான். அதுக்கு க்யூபிசம்னு பேரு. அதுக்கப்புறம் வந்தவன் கூஜாவே எதுக்குன்னு விட்டுட்டான். நம்ம பம்பாயிலேயே சுதந்திரம் வந்த சமயத்திலே சில பேர் ஒண்ணு சேர்ந்து, ஸ்கூல்லே சொல்லிக்குடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டுத் தன்னிஷ்டத்துக்குப் போட ஆரம்பிச்சா. இப்போ ஆளும் இல்லாம மரமும் இல்லாம வெறும் கலரை வெச்சுண்டே ஏதாவது சொல்ல முடியுமான்னு பார்த்துண்டிருக்கா. நானும் அதைத்தான் பார்க்கறேன்."

"ஆளும் இல்ல, கூஜாவும் இல்லன்னா மிச்சம் என்ன மிஸ் இருக்கு?"

"எடை இருக்கே! இந்தக் கறுப்பு கீழே கனமா உக்காந்திருக்கு. மஞ்சள் அதுமேலே நிக்கறது. தலைகீழா வெச்சா மஞ்சள் நசுங்கிடும். அது தெரியறதா உங்களுக்கு?"

தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. லோக்கலில் எதிர் சீட்டுக்காரன் சட்டையைக்கூட இதில் எடை எந்தப் பக்கம் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கோட்டைப் பக்கம் ஒரு படக் காட்சிக்கே போய்விட்டேன். சட்டை முழுக்க மில் பஞ்சு. வாட்ச்மேன் பின்னாலேயே வந்தான். நான் ஒரு படத்தின் முன்னால் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தேன், வலது பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பார்சிக் கிழவரும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

அந்த வருஷத்து எக்ஸிபிஷன் விசாலத்துக்கு இல்லாமல் போனது. ஆனால் ரோஜா விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூலை மாறிய படத்தையே ரிபீட்டாகச் சேர்த்து முடித்து, "ஒரு பூகூட வேண்டாம் சார், இப்படியே அடிச்சுப் பார்ப்போம்" என்றார். சாருக்கு வெட்டிய உறுத்தல் இருந்தது. "சரிம்மா, உன் இஷ்டம். சேட்கள் வந்து சொல்லட்டும்" என்று விட்டுவிட்டார். ட்ரேஸ் எடுத்தது நான். பூ என்றால் இதழ் எங்கே முடிகிறது என்று கை தானாகப் போகும். இதில் ஒவ்வொரு பிசிறுக்கும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. என் சர்வீஸில் அப்படிப் பிழிந்தெடுத்த டிசைன் வேறு இல்லை.

3. பேச்சி கண்ட மேல் கீழ்

அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் துணியில் அடிப்பார்கள். அதில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். கறுப்பு கீழே, மஞ்சள் மேலே. மிஸ் சொன்னபடி.

"என்னங்க இது, மழத்தண்ணி எறங்குன செவரு மாதிரி?" என்றாள் பேச்சி. "நம்ம செவருதான் ஏற்கெனவே அப்படி இருக்குல்லா? அதுமேல இது வேறயா?"

"இது மாடர்ன் ஆர்ட்டு, பேச்சி."

"என்னமும் இருக்கட்டும். ரெண்டு தலகாணி உறைக்கு ஆவும். கழட்டித் தாங்க."

கழற்றித் தரவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைத் திருப்பித் திருப்பி மாட்டினேன். பேச்சி பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டு ஆளுக்கு மில்லுல சூடு தலைக்கு ஏறிட்டு" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு மாட்டிருக்கீயளே, இது நல்லாருக்கு. கருப்பு மேல இருந்தாத்தான் மழ வாறாப்ல குளுந்து கெடக்கு. மஞ்ச மேல இருந்தா வெயிலு மண்டையில அடிக்கி."

எனக்கு ஒரே சந்தோஷம். என் வீட்டிலும் ஒருத்திக்கு மேல் கீழ் தெரிகிறதே! மறுநாள் ஓடிப்போய் விசாலத்திடம் சொன்னேன். அவர் மிச்சத் துணியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்காத்துக்காரி சொல்றது பொய்யில்லே. மழை வர்றது, நிஜம்தான்." பிறகு துணியைத் திருப்பினார். "ஆனா என்னுது இப்படித்தான்."

அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. படத்தை நாலாக வெட்டியதைக்கூட ஏற்றுக்கொண்டவர், மேல் கீழை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

4. "பூ எப்போது வரும்?"

சீசன் ஷோ என்பது எங்களுக்குப் பரீட்சை மாதிரி. நீளமான ஹாலில் துணிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். சேட்கள் வரிசையாக வந்து துணியைத் தொட்டு, கசக்கி, தூரத்தில் நின்று பார்த்து, பிடித்ததில் கையைக் காட்டிக்கொண்டே போவார்கள். கணபதி சாரின் ரோஜா முன்னால் கூட்டம் நெருக்கியது. அந்த வருஷம் அவர் அடியிலிருந்து நுனிவரை ஏறுகிற ஒரு கொடி ரோஜா போட்டிருந்தார். என்ன அழகு! நானே வாயைப் பிளந்தேன்.

விசாலத்தின் துணி கடைசி ஸ்டாண்டில். அவர் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு சேட்டும் அங்கே வந்து நின்றார், பார்த்தார், நகர்ந்தார். வயசான ஒருவர் மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்பாகவே, "கிரவுண்ட் அச்சா ஹை பேட்டி. ஃபூல் கப் ஆயேகா?" என்று கேட்டார். கிரவுண்டு நன்றாக இருக்கிறது மகளே, பூ எப்போது வரும் என்று.

"நஹி ஆயேகா" என்றார் விசாலம். வராது.

ஓர் ஆர்டர்கூட இல்லை. ஷோ முடிந்ததும் சார் அவரைக் கூப்பிட்டு, "மாசக் கடைசியோட ப்ரொபேஷன் முடியறது. என்னாலே ஆனதைப் பண்ணிப் பார்த்தேன்" என்றார். விசாலம் தலையை ஆட்டினார். அன்றைக்கு மாட்டுங்கா ரோடுவரை நானும் அதே வண்டியில்தான் வந்தேன். பிளாட்பாரத்தில் இறங்கியதும், "டைப்ரைட்டிங் லோயர்தான் பாஸ் பண்ணியிருக்கேன் இசக்கி, ஹையர் எழுதலே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலம் ஏறிப் போனார். மனசு கேட்கவில்லை எனக்கு. என்ன செய்ய முடியும்? நான் ட்ரேசர்.

5. சிந்தி

ஆர்டர் வராத சாம்பிள் துணிகளை மில்லில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டு, கிழிசல், சாயம் பரவியது எல்லாவற்றோடும் சேர்த்துக் கழிவுத் துணியாகப் போட்டுவிடுவார்கள். பம்பாயில் அதற்குச் சிந்தி என்று பெயர். சிந்தி எங்கே போகும்? வேறெங்கே, எங்கள் தாராவிக்குத்தான்.

எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி தங்கவேலு மாஸ்டர் என்று ஒருவர். வள்ளியூர்க்காரர். தகரக் கொட்டகையில் தையல் மிஷின்களைப் போட்டுக்கொண்டு, சிந்தி வாங்கிப் புஷ்ஷர்ட்டும் குழந்தை கவுனும் தைத்துச் சந்தைக்கு அனுப்புவார். துணி வெட்டுவது மட்டும் அவரே. வேறு யாரையும் கத்தரிக்கோலைத் தொடவிட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வழியில் மறித்துக்கொண்டார். கையில் விசாலத்தின் துணி.

"ஏ இசக்கி, இது உங்க மில்லுச் சரக்குதானா? இன்னும் இருக்கா?"

"என்ன அண்ணாச்சி, இதையா கேக்கிய? ஒரு சேட்டும் எடுக்கல."

"எடுக்காம போறான், அவன் துணியை விக்கிறவன்தான, வெட்டுறவனா? அந்த ரோசாப்பூத் துணி வாங்கி நான் படுற பாடு எனக்குல்லா தெரியும். பூவு மேல பாத்து நிக்கணும். முன்துண்டும் அப்படித்தான் வெட்டணும், பின்துண்டும் அப்படித்தான் வெட்டணும், கையும் அப்படித்தான். பாதித் துணி சேதாரம். மாத்தி வெட்டினா, பூவு தலைகீழாத் தொங்குதுன்னு சட்டையைத் தூக்கி மூஞ்சில எறியுதான். இதுல அந்த வம்பே இல்ல. எங்கிட்டு வெட்டினாலும் துணிதான். மேலும் இல்ல, கீழும் இல்ல. மூணு சட்டைக்கான துணியில நாலு சட்டை வருது தம்பி!"

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எல்லோரும் கிண்டல் செய்த விஷயம், இதற்குத் தலை எது கால் எது என்று கேட்ட விஷயம், அதுவேதான் இவருக்கு வேண்டியிருந்தது. டிசைன் ரூமில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், கத்தரிக்கோல் பிடிக்கிறவன் எங்கள் பூவை எப்படித் திட்டுகிறான் என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

மறுநாளே மாஸ்டர் மில்லுக்கு வந்துவிட்டார். தனி ஆளுக்காக அச்சு மிஷினை ஓட்ட முடியாது என்று சார் சொன்னார். மாஸ்டர் திரும்பிப் போய்த் தாராவியிலிருக்கிற மற்றக் கொட்டகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, எல்லோருமாகச் சேர்ந்து ஆர்டர் கொடுத்தார்கள். சார் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சேதாரமாவது! என் ரோஜாவையா திட்டறா?" என்று முதலில் சுருங்கிப்போனார். ஆனால் நேர்மையான மனுஷர். சாயங்காலமே மேனேஜரிடம் பேசி, விசாலத்தை நிரந்தரமாக்கும் உத்தரவை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

6. இடது கை, வலது கை

இத்தோடு கதை சுபம் என்றுதான் நான் நினைத்தேன். விசாலத்திடம் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சேதாரம் இல்லேன்னுதான் வாங்கறாளா?"

"ஆமா மிஸ். மேல் கீழே இல்லையாம்!"

"அதுக்கு மேல் கீழ் இருக்கு இசக்கி. உங்களுக்கே சொல்லியிருக்கேன். துணி மிச்சம் பிடிக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் படிச்சேன்? டைப் அடிச்சா அது டைப்தான், யாரும் அதைப் படம்னு சொல்லப் போறதில்லே. இதைக் கண்ட கண்ட பக்கம் வெட்டிப் போடறதைப் பார்த்துண்டு, அதுக்கு நன்றின்னு கையெழுத்துப் போட்டுண்டு என்னாலே உக்கார முடியாது. சார்கிட்டே சொல்லிடறேன், நான் அண்ணா ஆபீஸுக்கே போறேன்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "போறதுன்னா போங்க. வெட்டுறவரை ஒருதடவை பார்த்துட்டுப் போங்க. சாரைப் பார்த்துத்தான் அன்னைக்கு, கண்ணு இருக்கான்னு கேட்டீங்க. நீங்களும் ஒரு தடவை கண்ணால பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "எங்கே இருக்கு?" என்றார்.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் தாராவிக்குள் அதுவரை வந்ததில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடைப் பலகைகளைத் தாண்டி என் பின்னால் வந்தார். கொட்டகைக்குள் மிஷின் சத்தம் காதைப் பிளந்தது. மாஸ்டர் வெட்டு மேஜையில் விசாலத்தின் துணியை விரித்திருந்தார். பார்க்க வந்திருப்பது யார் என்று நான் சொல்லவில்லை. மில்லிலிருந்து வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மாஸ்டர் ஒரு தலையசைப்போடு வேலையைத் தொடர்ந்தார்.

மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சட்டையின் அளவுக்கு வெட்டிவைத்த அட்டையை ஓர் இடத்தில் வைத்தார். எடுத்தார். தலைகீழாக வேறு இடத்தில் வைத்தார். கொஞ்சம் நகர்த்தினார். சாக்பீஸால் கோடு போட்டுச் சரக்கென்று வெட்டினார். விசாலம் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. இப்போது கத்தப்போகிறார், நாம் தொலைந்தோம் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. மேஜை ஓரத்தில் வெட்டி வைத்திருந்த ஒரு சட்டையின் துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்தச் சட்டையிலே இடது கை முழுக்கக் கறுப்பா எடுத்திருக்கேள். வலது கை மஞ்சள். சேதாரம் இல்லாம இருக்கறதுக்கு அப்படி எடுக்க வேண்டியிருந்ததா?"

"இல்லம்மா. எங்கிட்டு எடுத்தாலும் சேதாரம் இல்லாத துணில்லா இது."

"அப்போ ஏன் அப்படி எடுத்தேள்?"

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார். "ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? மத்தத் துணின்னா, துணி சொன்னபடி நான் வெட்டணும். பூவு இங்க நில்லுன்னா நிக்கணும். இதுல என்னைக் கேக்க ஆள் இல்ல. அதனால ஒரு சுத்து சுத்திப் பாக்கேன். எங்க வச்சா கண்ணுக்கு நல்லாருக்கோ அங்க வச்சு வெட்டுதேன். இத்தனை வருசத்துல இந்தத் துணியிலதான் அப்படி வெட்டுதேன்."

"வேற காரணம் ஒண்ணும் இல்லியா?"

"சத்தியமா இல்லம்மா. சிரிக்காதிய."

விசாலம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இசக்கி, கேட்டேளா? ஏன் இந்தக் கலரை இங்கே போட்டேன்னு அண்ணா கேட்டான், சார் கேட்டார், ஆர்ட் ஸ்கூல் மாஸ்டர் கேட்டார். கண்ணுக்கு நன்னா இருந்தது, போட்டேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பலே. எனக்கே நம்பிக்கை போயிடுத்து. எடை, க்யூபிசம்னு உங்ககிட்டே பெரிசா லெக்சர் அடிச்சேனே, அதெல்லாம் அப்புறமா யோசிச்சுக் கண்டுபிடிச்சது. போடறச்சே நானும் இவர் மாதிரி சுத்திச் சுத்தித்தான் வந்தேன்."

மாஸ்டருக்கு அப்போதுதான் விளங்கியது. "எம்மா, இதைப் போட்டது நீங்களா!" என்று பதறி ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார். "அப்ப நீங்களே சொல்லிருங்க. நான் பாட்டுக்கு வெட்டித் தள்ளிட்டேன். இதுல மேல எது, கீழ எது?"

மிஷின்காரர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விசாலம் விரித்திருந்த துணியைப் பார்த்தார். அதில் பாதி ஏற்கெனவே கைகளாகவும் காலர்களாகவும் போயிருந்தது.

"எனக்குக் கறுப்பு கீழே மாஸ்டர்," என்றார். "நீங்க உங்க கண்ணு சொல்றபடி வெட்டுங்கோ."

அடுத்த திங்கட்கிழமை காலையில் விசாலம் கணபதி சார் முன்னால் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அண்ணா ஆபீஸ் டைப்ரைட்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் நானும் ஒரு டிசைன் ரூமுக்குத் தலைமை பார்த்தேன். டிப்ளமா முடித்த பிள்ளைகள் டிசைனோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு விளக்கமும் கொண்டுவந்து வைப்பார்கள். இது இந்த இயக்கம், இது அதற்கு எதிர் இயக்கம் என்று. தப்பில்லை, படிக்கட்டும். நான் விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பேன்: போடும்போது ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாயா? பார்த்தேன் சார், இப்படித்தான் நல்லா இருந்தது என்று முழிக்காமல் சொல்கிற பிள்ளையின் டிசைனைப் பாஸ் பண்ணிவிடுவேன். அப்படிச் சொன்னவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.